கடைசி லேப்: 2021 அபுதாபி முடிவு பத்தி நாம ஏன் இன்னும் சண்டை போடுறோம்?

இந்த எபிசோட்ல ஒரு சண்டையைப் பத்திப் பேசப் போறேன். டிராக்ல நடந்த சண்டை இல்ல. டிவி முன்னாடி உட்கார்ந்து அதைப் பார்த்த நம்ம சண்டை.

2021 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அபுதாபியில் மாலை 5 மணிக்கு ரேஸ், நமக்கு 6:30. சென்னையில் ஒரு நண்பன் வீட்டு ஹால்ல ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். நான் வெர்ஸ்டாப்பன் கட்சி. வீட்டுக்காரன் ஹாமில்டன் கட்சி, அதுவும் ஸ்கூல் நாள்லேருந்து. ராத்திரி எட்டு மணி வாக்கில் நான் சோபா மேல ஏறி நின்னு கத்திக்கிட்டு இருந்தேன். அவன் டிவியை ஆஃப் பண்ணிட்டு, "இது ரேஸே இல்லடா"ன்னு ஒரு வரி சொல்லிட்டு உள்ளே போயிட்டான். அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு மேல நாங்க சரியா பேசிக்கல.

ஒரு கார் பந்தயத்துக்காகவா? ஆமா. சிரிப்பா இருக்கும், எனக்கும் இப்போ சிரிப்புதான். ஆனா உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் இதே சண்டையைப் போட்டாங்க, இன்னும் போடுறாங்க. அதனால முதல்ல என்ன நடந்ததுன்னு நிதானமா பார்ப்போம். அப்புறம் 32 வருஷம் பின்னாடி, ஜப்பானுக்குப் போவோம். ஏன்னா இந்தச் சண்டை புதுசு இல்ல.

அந்த ஐந்து லேப்

கடைசி ரேஸுக்கு வரும்போது மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் லூயிஸ் ஹாமில்டனும் சரிசமமா 369.5 புள்ளிகளில் இருந்தார்கள். அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது? பெல்ஜியத்தில் ஸ்பா ரேஸ் கொட்டும் மழையில் சேஃப்டி காருக்குப் பின்னாடியே சில லேப் ஓடி முடிந்தது. அதற்குப் பாதிப் புள்ளிகள் கொடுத்தார்கள். ஆக, அந்த சீசனில் சர்ச்சை அபுதாபியில் ஆரம்பிக்கவில்லை. சில்வர்ஸ்டோனில் ஹாமில்டனோடு மோதி வெர்ஸ்டாப்பன் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஹாமில்டன் 10 விநாடி தண்டனையோடு அந்த ரேஸை ஜெயித்தார். மோன்சாவில் ரெட் புல் கார் மெர்சிடிஸ் மேலேயே ஏறி நின்றது. வெர்ஸ்டாப்பனுக்கு அடுத்த ரேஸில் மூன்று இடம் பின்னால் தள்ளும் தண்டனை. ரெண்டு பக்கமும் மனசுல ஒரு கணக்குப் புத்தகம் ஏற்கனவே நிரம்பியிருந்துச்சு.

அபுதாபியில் மொத்தம் 58 லேப். முதல் லேப்பிலேயே ஹாமில்டன் முன்னிலை எடுத்தார். 14-வது லேப்பில் ஹார்ட் டயர் மாட்டியவர், அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். வெர்ஸ்டாப்பன் நடுவில் இன்னொரு தடவை டயர் மாற்றியும் பிடிக்க முடியவில்லை. இன்னும் ஐந்தாறு லேப் போனால் ஹாமில்டனுக்கு எட்டாவது பட்டம். மைக்கேல் ஷூமாக்கரையும் தாண்டிய சாதனை.

53-வது லேப்பில் வில்லியம்ஸ் அணியின் நிக்கோலஸ் லதிஃபி சுவரில் மோதினார். சேஃப்டி கார் வந்தது. ரேஸ் புதுசா பார்க்குறவங்களுக்கு ஒரு நிமிஷம்: டிராக்கில் உடைந்த காரை எடுக்கும் வரை, எல்லாரும் சேஃப்டி காருக்குப் பின்னாடி வரிசையா மெதுவா போகணும். யாரும் யாரையும் முந்தக்கூடாது. அதுவரைக்கும் சேர்த்து வெச்ச இடைவெளி எல்லாம் காலி.

வெர்ஸ்டாப்பன் உடனே உள்ளே போய்ப் புது சாஃப்ட் டயர் மாட்டினார். ஹாமில்டன் ஏன் போகல? இது நிறைய பேர் கேக்குற கேள்வி. அவர் உள்ளே போனால் வெர்ஸ்டாப்பன் வெளியிலேயே இருந்து முதல் இடத்தைப் பிடித்திருப்பார். ரேஸ் சேஃப்டி காருக்குப் பின்னாடியே முடிந்தால், பட்டமும் அங்கேயே போயிருக்கும். முன்னாடி ஓடுறவருக்கு அந்த நேரத்துல நல்ல வழின்னு எதுவும் கிடையாது.

இப்போ ரெண்டு பேருக்கும் நடுவில் ஐந்து கார்கள். அவை ஒரு லேப் பின்தங்கியவை. ரேஸ் டைரக்டர் மைக்கேல் மாசி முன்னால் மூன்று வழி இருந்தது.

முதல் வழி: பின்தங்கிய கார்களை அப்படியே விட்டுவிட்டு ரேஸைத் தொடங்குவது. அப்படியென்றால் ஒரே லேப்பில் ஐந்து கார்களைத் தாண்டித்தான் வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனிடம் போகணும்.

இரண்டாவது: பின்தங்கிய எல்லா கார்களையும் முன்னால் போக விடுவது. ஆனால் விதி 48.12 என்ன சொன்னது? கடைசிக் கார் தாண்டிய பிறகு, அடுத்த லேப்பின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே போகும். அந்த அடுத்த லேப் 58-வது. அதாவது ரேஸே முடிஞ்சிடும்.

மூன்றாவது: செங்கொடி காட்டி ரேஸை நிறுத்தி, எல்லாருக்கும் டயர் மாற்ற வாய்ப்பு கொடுத்து மறுபடி தொடங்குவது.

மாசி இந்த மூன்றில் எதையும் எடுக்கவில்லை. முதலில், பின்தங்கிய கார்கள் தாண்டக்கூடாது என்று அறிவிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது மாறியது. வெர்ஸ்டாப்பனுக்கும் ஹாமில்டனுக்கும் நடுவில் இருந்த அந்த ஐந்து கார்கள் மட்டும் போகலாம் என்றார். அவற்றுக்குப் பின்னாடி இருந்த மூன்று பின்தங்கிய கார்கள் அப்படியே நின்றன. அதே லேப்பில் சேஃப்டி காரும் உள்ளே போனது. மிச்சம் ஒரே ஒரு லேப். ஒருவரிடம் 40 லேப்புக்கு மேல் தேய்ந்த டயர், இன்னொருவரிடம் புது டயர். ஐந்தாவது திருப்பத்தில் வெர்ஸ்டாப்பன் முந்தினார். உலக சாம்பியன்.

மூணாவது இடத்துல இருந்த கார்லோஸ் சைன்ஸை யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்ல. அவருக்கு முன்னாடி இருந்த பின்தங்கிய கார்கள் விலக்கப்படவே இல்ல. முன்னாடி இருக்குற ரெண்டு பேருக்கு ஒரு ரூல், மத்தவங்களுக்கு ஒரு ரூல். என் நண்பன் அன்னைக்கே சொன்னது இதைத்தான். நான் கேக்குற நிலைமையில இல்ல.

ஒரு வார்த்தை மேல ஒரு பட்டம்

அன்று இரவே மெர்சிடிஸ் இரண்டு புகார் கொடுத்தது. கிரிக்கெட் பாஷையில் சொன்னா ரேஸ் டைரக்டர் களத்துல நிக்குற அம்பயர். ஸ்டூவர்டுகள் தனியா உட்கார்ந்து தீர்ப்பு சொல்றவங்க. அவர்கள் இரண்டையும் தள்ளுபடி செய்தார்கள்.

ரெட் புல்லின் வாதம் ஒரு வார்த்தையில் நின்றது. விதியில் ஆங்கிலத்தில் 'எனி கார்ஸ்' என்று இருந்தது. அது 'ஆல்' இல்லையே, எல்லா கார்களும் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கூடவே விதி 15.3 இருந்தது: சேஃப்டி கார் விஷயத்தில் ரேஸ் டைரக்டருக்கே மேலான அதிகாரம். 48.12 முழுசாகப் பின்பற்றப்படாமல் இருந்திருக்கலாம், ஆனாலும் சேஃப்டி கார் இந்த லேப்பில் உள்ளே போகிறது என்று அறிவித்த பிறகு அது போயே ஆகணும் என்றார்கள் ஸ்டூவர்டுகள். மெர்சிடிஸ் கேட்டபடி 57-வது லேப்பின் நிலையை முடிவாக அறிவிப்பது, ரேஸைப் பின்னோக்கிப் போய்ச் சுருக்குவது மாதிரி, அது சரியில்லை என்றும் சொன்னார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. 2020 ஐஃபல் ரேஸில், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், சேஃப்டி கார் ரொம்ப நேரம் வெளியில் இருந்ததாக டிரைவர்கள் குறைப்பட்டார்கள். பின்தங்கிய எல்லா கார்களையும் தாண்ட விடணும் என்று விதி இருக்கிறது, அதனால்தான் நேரம் ஆனது என்று அப்போது விளக்கம் கொடுத்தவர் இதே மாசி. ஒரு வருஷத்துக்கு முன்னாடி 'எல்லா கார்களும்'. பட்டம் தொங்குற ராத்திரியில 'ஐந்து கார்கள் மட்டும்'.

இதைப் படிச்ச அன்னைக்குத்தான் என் வாதம் முதல் தடவை ஆட்டம் கண்டுச்சு. வெர்ஸ்டாப்பன் மேல இருந்த மரியாதை குறையல. அந்த சீசன்ல 10 ரேஸ் ஜெயிச்சவர் அவர், ஹாமில்டன் 8. கிடைச்ச ஒரு லேப்பைச் சரியா பயன்படுத்தினார், அதுல தப்பே இல்ல. ஆனா நான் ஆறு மாசமா பதில் சொல்லிக்கிட்டு இருந்தது 'பட்டத்துக்குத் தகுதியானவர் யார்?'ங்கற கேள்விக்கு. என் நண்பன் கேட்டதோ 'முடிவு எடுத்த விதம் சரியா?'ன்னு. ரெண்டும் வேற வேற கேள்வி.

சுசுகா, 1989

இப்போ ஜப்பான். 1989 அக்டோபர் 22, சுசுகா. அயர்ட்டன் சென்னா, அலென் ப்ரோஸ்ட். ரெண்டு பேரும் ஒரே அணி, மெக்லாரன். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பட்டத்தை உயிரோடு வைத்திருக்க சென்னா அந்த ரேஸை ஜெயித்தே ஆகணும்.

ரேஸ் முடிய ஆறேழு லேப் இருக்கும்போது, சிகேன் என்கிற வளைவுநெளிவில் சென்னா உள்பக்கம் நுழைந்தார். ப்ரோஸ்ட் வழிவிடவில்லை. இரண்டு காரும் ஒன்றோடொன்று சிக்கி நின்றன. ப்ரோஸ்ட் இறங்கிப் போய்விட்டார். சென்னா இறங்கவில்லை. ஊழியர்கள் தள்ளிவிட, காரைக் கிளப்பி, சிகேனுக்குள் திரும்பாமல் நேராக இருந்த தப்பிக்கும் பாதை வழியாக டிராக்குக்குப் போனார். உடைந்த முன்பக்க மூக்கை மாற்றினார். பெனெட்டன் அணியின் அலெஸ்ஸாண்ட்ரோ நன்னினியைத் துரத்தி முந்தி முதலாவதாக முடித்தார்.

மேடையில் வெற்றியாளராக நின்றதோ நன்னினி. அவர் வாழ்க்கையின் ஒரே ஃபார்முலா ஒன் வெற்றி அது. சென்னா தகுதிநீக்கம். காரணம்: சிகேனை ஓட்டாமல், சரியான இடத்தில் டிராக்குக்குத் திரும்பவில்லை. பட்டம் ப்ரோஸ்டுக்கு.

விதிப்படி பார்த்தால் அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் உண்டு. அவர் சிகேனை ஓட்டாதது உண்மை. ஆனால் முன்பு இப்படிப் போனவர்களை யாரும் தகுதிநீக்கம் செய்யவில்லை என்று மெக்லாரன் மேல்முறையீட்டில் வாதாடியது. மேல்முறையீடு தோற்றது. கூடவே சென்னாவுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம், நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதத் தடை. பந்தயத்தை ஆண்ட ஃபீசா அமைப்பின் தலைவர் ஜான்-மரி பலெஸ்ட்ர் பிரெஞ்சுக்காரர், ப்ரோஸ்டும் பிரெஞ்சுக்காரர். பிரேசில் ரசிகர்களுக்கு வேற காரணமே தேவைப்படல.

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. அடுத்த வருஷம் அதே சுசுகாவில், ரேஸுக்கு முன்னாடி டிரைவர்கள் கூட்டம். சிகேனில் வழி தவறினால் காரைத் திருப்பி எதிர்த்திசையில் வருவது ஆபத்து, நேராகவே போய்விடலாம் என்று நெல்சன் பிகே பேச்செடுத்தார். மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். போன வருஷம் எதுக்காக சென்னாவோட பட்டம் போச்சோ, இந்த வருஷம் அதுதான் பாதுகாப்பான வழி! சென்னா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த ரேஸில் முதல் இடத்திலிருந்து கிளம்பியது சென்னா. ஆனால் அவருக்குக் கிடைத்தது பிடிப்பு குறைந்த, அழுக்கான பக்கம். இடத்தை மாற்றக் கேட்டார், கிடைக்கவில்லை. இப்போது ஃபெராரியில் இருந்த ப்ரோஸ்ட் முன்னால் பாய்ந்தார். முதல் திருப்பத்தில் சென்னா பிரேக் பிடிக்காமல் நேராகப் போய் இடித்தார். இரண்டு காரும் மணலில். பட்டம் சென்னாவுக்கு. அது விபத்து இல்லை, முடிவு பண்ணித்தான் செய்தேன் என்று ஒரு வருஷம் கழித்து அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

கொஞ்சம் யோசிங்க. முழு வேகத்துல, பின்னாடி இருபதுக்கும் மேல கார் வருது, அதுக்கு நடுவுல தெரிஞ்சே ஒரு மோதல். யாருக்கும் அடிபடாதது அதிர்ஷ்டம். சென்னா செஞ்சதை நான் நியாயப்படுத்தல. ஆனா அது எங்கிருந்து வந்துச்சுன்னு புரியுது. ஒழுங்கா முடிக்கப்படாத ஒரு தீர்ப்பு, அடுத்த வருஷம் 1-ம் நம்பர் திருப்பத்துல வந்து முடிஞ்சுது.

ஒரே அளவுகோல்

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1989-ல், யாரும் கண்டுக்காத ஒரு விதியை, பட்டம் முடிவாகும் நாளில் இறுக்கிப் பிடித்தார்கள். 2021-ல், எப்போதும் பின்பற்றிய ஒரு விதியை, பட்டம் முடிவாகும் இரவில் தளர்த்தினார்கள். நடந்தது நேர் எதிர். ஆனா ரசிகர்களுக்கு வந்த கோபம் ஒண்ணுதான். ஏன்?

ரசிகனுக்குக் கண்டிப்பான விதியும் ஓகே, தளர்வான விதியும் ஓகே. தெரு கிரிக்கெட்ல மதில் மேல பட்டா அவுட்டுன்னு வெச்சா அவுட்தான், யாரும் அழ மாட்டாங்க. ஆனா மேட்ச் ஆரம்பிக்கும்போது ஒண்ணு, கடைசி ஓவர்ல ஒண்ணுன்னா சண்டை வரும். ஜெயிச்சவனுக்கும் அந்த ஜெயிப்பு முழுசா சேராது. வெர்ஸ்டாப்பனுக்கு 2021-ல அதுதான் நடந்தது. அதுக்கப்புறம் 2022, 2023, 2024 மூணு பட்டமும் சந்தேகமே இல்லாம ஜெயிச்சார். ஆனா முதல் பட்டத்தைப் பத்திப் பேசினா இன்னும் ஒரு 'ஆனா' வருது. அந்த 'ஆனா'வை வெச்சது அவர் இல்ல.

மாசிக்காகவும் ஒண்ணு சொல்லணும். ரேஸ் பச்சைக் கொடியில், ஓட்டத்தில்தான் முடியணும் என்று அணிகள் எல்லாம் முன்பே பேசி ஒப்புக்கொண்டிருந்தன. அந்த ஐந்து லேப்பில் இரண்டு அணித் தலைவர்களும் ரேடியோவில் மாறி மாறி அவரை அழுத்தினார்கள். அதை நாம எல்லாரும் டிவியில் கேட்டோம். அம்பயர் காதுல ரெண்டு கேப்டனும் கத்த, அதை ஊருக்கே ஒலிபரப்பினா, எந்த அம்பயர் நிதானமா யோசிப்பார்?

அந்த அமைப்பை அப்படி வைத்திருந்தது சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ. டிசம்பர் 16-ல் மெர்சிடிஸ் மேல்முறையீட்டைக் கைவிட்டது. 2022 மார்ச்சில் எஃப்ஐஏ அறிக்கை வந்தது. மாசி நல்லெண்ணத்தோடுதான் செயல்பட்டார். பின்தங்கிய கார்களை அடையாளம் காண்பதில் மனிதத் தவறு நடந்தது. முடிவு செல்லும், மாறாது என்றது அது. அதற்கு முன்பே மாசியை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கியிருந்தார்கள். அணித் தலைவர்கள் அவரோடு நேரடியாகப் பேசும் ரேடியோவும் நின்றது. விதியில் 'எனி' போய் 'ஆல்' வந்தது. ஒரே ஒரு வார்த்தை.

இந்த அறிக்கையால் என் நண்பனுக்கு ஹாமில்டனோட எட்டாவது பட்டம் வந்துடல. ஆனா 1989-க்கு அப்புறம் நடக்காத ஒண்ணு இங்க நடந்தது. தப்பு நடந்துச்சுன்னு எழுத்துல ஒப்புக்கிட்டாங்க, விதியைத் திருத்தினாங்க. அடுத்த வருஷம் யாரும் யாரையும் பழிவாங்க முதல் திருப்பத்தில் இடிக்கல. அது சின்ன விஷயம் இல்லன்னு நினைக்கிறேன்.

லதிஃபி

கடைசியா ஒண்ணு. இதைச் சொல்லாம விட்டா நான் பாதி உண்மைதான் பேசினதா ஆகும்.

அந்த ரேஸில் பட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஒருத்தர் லதிஃபி. அவர் செய்தது, எந்த டிரைவருக்கும் நடக்கிற ஒரு தவறு. அவருக்குக் கொலைமிரட்டல்கள் வந்தன. சில நாள் கழித்து அதை அவரே வெளிப்படையாக எழுதினார். மிரட்டல் வந்ததாக மாசியும் பின்னாடி சொன்னார்.

நான் மிரட்டல் எதுவும் அனுப்பல. ஆனா அன்னைக்கு ராத்திரி லதிஃபியைக் கிண்டல் பண்ணின ஒரு மீமை எங்க குரூப்ல போட்டேன். ஹீரோன்னு போட்டிருந்தேன். அது எவ்வளவு பேர் கைமாறிச்சோ, எனக்குத் தெரியாது. இருநூறு பேர் சிரிச்சா, அதுல ஒருத்தன் சிரிக்காம அவருக்கு நேரா மெசேஜ் அனுப்புறான். அந்த ஒருத்தனுக்குத் தைரியம் கொடுக்குறது மிச்சப் பேரோட சிரிப்புதான்.

2022 மத்தியில ஒரு நாள் என் நண்பனுக்கு ஃபோன் பண்ணேன். ஐஃபல் விஷயத்தைச் சொன்னேன். "நீ சொன்னது சரிடா. முடிவு எடுத்த விதம் தப்பு"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அவன் சொன்னான்: "மேக்ஸ் அந்த வருஷம் நல்லாத்தான் ஓட்டினான். அதை நான் அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்." அவ்வளவுதான். ரெண்டு கேள்விக்கும் ஆளுக்கொரு பதில், ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை.

இப்பவும் ரேஸ் நாள்ல அதே வீடு, அதே சோபா. ஹாமில்டன் ஃபெராரிக்குப் போயிட்டார், அவனும் சிவப்புத் தொப்பி வாங்கிட்டான். சேஃப்டி கார் வந்தா மட்டும் ஹால்ல ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டோம். எத்தனை கார் பின்தங்கியிருக்குன்னு ரெண்டு பேருமே மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு இருப்போம்.

உங்க வீட்டுல, உங்க குரூப்புல இந்தச் சண்டை எப்படி நடந்துச்சு? எழுதி அனுப்புங்க. எந்தக் கட்சின்னு மட்டும் சொல்லாம, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்றீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.